கோடு கிழித்தால் சண்டை தீருமா?

மத அடிப்படையில் நாட்டைப் பிரிப்பது மோதலுக்கு மருந்து என்றார்கள். இந்தியா 1947ல் அந்த மருந்தைச் சாப்பிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பல நாடுகளும் சாப்பிட்டன. நோய் குணமானதா?

லாகூர், 1947 ஜூலை. பஞ்சாபை எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கும் எல்லைக் கமிஷன் முன்பு முஸ்லிம் லீகுக்காக வாதாடுகிறார் சர் ஜஃபருல்லா கான். மாவட்டம் மாவட்டமாக, தாலுகா தாலுகாவாக, முஸ்லிம்கள் அதிகம் வசிக்கும் பகுதியெல்லாம் பாகிஸ்தானுக்கே என்பது அவர் வாதம். கமிஷனின் நான்கு நீதிபதிகளில் ஒருவர் முகமது முனீர்.

பாகிஸ்தான் பிறந்தது. ஜஃபருல்லா கான் அதன் முதல் வெளியுறவு அமைச்சரானார். ஆறே வருடங்களில், 1953ல், அதே லாகூரில் கலவரம் வெடித்தது. கலவரக்காரர்களின் கோரிக்கைகளில் ஒன்று, ஜஃபருல்லா கானைப் பதவிநீக்கம் செய்ய வேண்டும் என்பது. காரணம், அவர் அஹமதியா பிரிவைச் சேர்ந்தவர். அஹமதியாக்கள் முஸ்லிம்களே அல்ல என்பது கலவரக்காரர்களின் வாதம். ராணுவச் சட்டம் பிறப்பித்துத்தான் நகரத்தை அடக்க முடிந்தது. கலவரத்தை விசாரித்த கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் அதே நீதிபதி முனீர். முஸ்லிம் என்றால் யார் என்று அவர் மார்க்க அறிஞர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். எந்த இருவர் சொன்ன விளக்கமும் ஒத்துப்போகவில்லை என்று 1954ல் வெளியான அறிக்கை பதிவு செய்தது. 1974ல் பாகிஸ்தான் நாடாளுமன்றம் அந்தக் கேள்விக்கு ஓட்டெடுப்பில் விடை சொன்னது. அஹமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்று லாகூரில் வாதாடி வாங்கித் தந்தவர், அந்த நாட்டின் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவராகிவிட்டார்.

ஒரு மனிதரின் இந்தக் கதைக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. இரண்டு மதத்தவர் சேர்ந்து வாழ முடியாமல் மோதிக்கொள்ளும்போது நாட்டைப் பிரித்துவிட்டால் மோதல் தீருமா?

அறுவைச் சிகிச்சை வாதம்

தீரும் என்று சொன்னவர்கள் எல்லோரும் வெறியர்கள் அல்ல. 1940ல் லாகூரில் முஸ்லிம் லீக் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய கையோடு, பாகிஸ்தான் கோரிக்கையை ஆராய்ந்து முழுப் புத்தகமே எழுதினார் அம்பேத்கர். உணர்ச்சி கலக்காத கணக்கு அவருடையது. சேர்ந்திருக்க விரும்பாத மக்களைக் கட்டாயப்படுத்திச் சேர்த்துவைத்தால் நாடு ஓயாத பூசலில் முடங்கும். அதற்குப் பிரிவது மேல். ஆனால் கோடு மட்டும் போதாது. மக்களையும் இடம் மாற்ற வேண்டும். கிரீஸும் துருக்கியும் செய்துகொண்டதைப் போல சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொள்ளாவிட்டால், பிரிவினைக்குப் பிறகும் இந்தியாவில் மதப் பிரச்சினை அப்படியே இருக்கும் என்று எச்சரித்தார்.

காங்கிரஸ் தலைவர்களில் பிரிவினை பற்றி முதலில் வெளிப்படையாகப் பேசத் துணிந்தவர் ராஜாஜி. அதற்காகக் கட்சியிலேயே வசவு வாங்கினார். 1944ல் வெளியான அவரது திட்டம் வேறு வழி சொன்னது. வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம் பெரும்பான்மை உள்ள, ஒன்றையொன்று ஒட்டிய மாவட்டங்களில் எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்தலாம். பிரிவதென்று முடிவானால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மக்கள் இடம் மாறுவது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். ஜின்னா இதை ஏற்கவில்லை. அங்கஹீனமான, பூச்சி அரித்த பாகிஸ்தான் தனக்கு வேண்டாம் என்றார். 1944 செப்டம்பரில் பம்பாயில் காந்தியும் அவரும் நடத்திய பேச்சும் முறிந்தது.

மூன்றே வருடங்களில் ஜின்னாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதே வரைபடம்தான். ராஜாஜி சொன்ன ஒப்பந்தங்கள் இல்லை. அம்பேத்கர் சொன்ன ஒழுங்கான இடமாற்ற ஏற்பாடும் இல்லை. கோடு மட்டும் இருந்தது.

ஐந்து வாரத்தில் ஒரு எல்லை

அந்தக் கோட்டைப் போட்டவர் லண்டன் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப். அதற்கு முன் இந்தியாவில் கால் வைத்ததில்லை. அதனால்தான் நடுநிலையாக இருப்பார் என்று தேர்ந்தெடுத்தார்கள். 1947 ஜூலை 8ல் வந்து சேர்ந்தார். பஞ்சாப், வங்காளம் இரண்டையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்தே வாரம். லாகூரில் நடந்த விசாரணையில் அவர் உட்காரவில்லை. அன்றாட நடவடிக்கைக் குறிப்புகளை வரவழைத்துப் படித்தார். இரு தரப்பும் நியமித்த நீதிபதிகள் கட்சி பிரிந்து நின்றதால் முடிவு அவர் ஒருவர் கையில் விழுந்தது.

எல்லை எங்கே என்று அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 17ல். அதாவது இரண்டு நாடுகளும் சுதந்திரம் கொண்டாடி முடித்த பிறகு. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே கோடிக்கணக்கானவர்கள் கொடி ஏற்றினார்கள். முஸ்லிம்கள் அதிகமுள்ள முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது. அறிவிப்பு வந்தபோது அது இந்தியாவுக்குப் போயிருந்தது. இந்துக்கள் சற்றே அதிகமாக இருந்த குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது, அது பாகிஸ்தானாகிவிட்டது. பௌத்தர்களும் பழங்குடிகளுமே நிறைந்த சிட்டகாங் மலைப்பகுதி, முஸ்லிம்கள் சில சதவீதமே இருந்த நிலையில், பாகிஸ்தானுக்குக் கிடைத்தது.

இதில் ராட்கிளிஃபின் அவசரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஐந்து வாரத்துக்குப் பதில் ஐந்து வருடம் கொடுத்திருந்தாலும் சரியான கோடு கிடைத்திருக்காது. ஏனென்றால் அப்படி ஒரு கோடு தரையில் இல்லை. ஒரே ஊரில் மசூதித் தெருவும் குருத்வாராத் தெருவும் அடுத்தடுத்து இருந்தன. வயல் ஒருவருடையது, அதில் பாடுபடுபவர் வேறு மதத்தவர், விளைச்சலுக்குக் கடன் கொடுத்தவர் இன்னொரு மதத்தவர். வாய்க்காலின் தலைமடை ஒரு நாட்டிலும் கடைமடை இன்னொரு நாட்டிலும் விழுந்தன. 1948 ஏப்ரலிலேயே தண்ணீர்த் தகராறு தொடங்கிவிட்டது. சிந்து நதி ஒப்பந்தம் கையெழுத்தாக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காலியான பஞ்சாப்

பஞ்சாபில் கோடு போட்ட பிறகு மக்கள்தொகை மாற்றம் தானாக நடந்தது. கத்தியும் தீயும் அதை நடத்தி வைத்தன. சில மாதங்களில் மேற்கே இந்துக்களும் சீக்கியர்களும் இல்லாமல் போனார்கள். கிழக்கே மலேர்கோட்லா போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர முஸ்லிம்கள் இல்லாமல் போனார்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் சுமார் 73 லட்சம் அகதிகளையும் பாகிஸ்தானில் சுமார் 72 லட்சம் அகதிகளையும் எண்ணியது. இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. 2 லட்சம் என்பதிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் என்பது வரை மதிப்பீடுகள் உண்டு. கடத்தப்பட்ட பெண்கள் பல்லாயிரம். அவர்களைத் தேடி மீட்க இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1949ல் சட்டமே இயற்றியது. மீட்கப்பட்டவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். அவர்களில் பலர் திரும்பிப்போக விரும்பவில்லை. அவர்கள் விருப்பத்தைச் சட்டம் கேட்கவும் இல்லை. எந்த மதத்தில் பிறந்தாளோ அந்த நாட்டுக்கு அவள் சொந்தம் என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்துவிட்டன.

பிரிவினையை ஆதரிப்பவர்கள் இங்கே ஒரு வாதத்தை முன்வைப்பது உண்டு. விலை பயங்கரம்தான், ஆனால் அதற்குப் பிறகு பஞ்சாபில் இந்து-முஸ்லிம் கலவரம் இல்லையே என்பார்கள். உண்மை. கலவரம் செய்ய இன்னொரு தரப்பு ஊரில் இல்லை. ஆனால் அமைதி வந்ததா? முஸ்லிம்கள் போன பிறகு இந்தியப் பஞ்சாபில் இந்து, சீக்கியர் என்ற வேற்றுமை கூர்மையானது. மொழிக் கோரிக்கையாகத் தொடங்கி, 1966ல் மாநிலம் இன்னொரு முறை பிரிந்தது. 1980களில் காலிஸ்தான் தீவிரவாதம், பொற்கோயிலில் ராணுவ நடவடிக்கை, இந்திரா காந்தி கொலை, டெல்லியில் சீக்கியர் படுகொலை. ஒரு வேற்றுமையைத் துடைத்தெடுத்தால் அதற்கு அடியில் இருந்த வேற்றுமை மேலே வந்தது.

வங்காளத்தில் கதை வேறு. அங்கே ஒரே மூச்சில் இடமாற்றம் நடக்கவில்லை. அலை அலையாக நடந்தது. கிழக்கு வங்காளத்து தலித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல், உயர்சாதி இந்துக்களைவிட முஸ்லிம் விவசாயிகளே தன் மக்களுக்கு நெருக்கமானவர்கள் என்று நம்பி லீகை ஆதரித்தவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். 1950 கலவரங்களுக்குப் பிறகு கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து ராஜினாமாக் கடிதத்தை அனுப்பினார். கிழக்கு வங்காளத்தில் 1951ல் 22 சதவீதமாக இருந்த இந்துக்கள், 2022ன் வங்கதேசக் கணக்கெடுப்பில் சுமார் 8 சதவீதம்.

பணயக் கைதிகள்

பிரிவினைப் பேச்சு நடந்த காலத்தில் ஒரு விபரீதமான நம்பிக்கை உலவியது. இங்கே அவர்கள் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள்; அதனால் இருவரும் ஒருவரையொருவர் தொட அஞ்சுவார்கள் என்பதுதான் அது. நடந்தது நேர்மாறு. ஒரு பக்கம் அடி விழுந்தால், மறு பக்கத்திலிருந்த அப்பாவிகள் அதற்கு வட்டியோடு வாங்கினார்கள்.

1963 டிசம்பரில் ஸ்ரீநகர் ஹஸ்ரத்பால் மசூதியிலிருந்து புனிதச் சின்னம் காணாமல் போனது. காஷ்மீரில் முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் சேர்ந்தே கண்டன ஊர்வலம் போனார்கள். ஆனால் துணைக்கண்டத்தின் மறு மூலையில், குல்னாவில், இந்துக்கள் தாக்கப்பட்டார்கள். அகதிகள் கல்கத்தா வந்து சேர, அங்கே முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். சின்னம் 1964 ஜனவரி 4லேயே கிடைத்துவிட்டது. போன உயிர்கள் திரும்பவில்லை. 1992 டிசம்பரில் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டபோது பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் கோயில்கள் உடைந்தன. எல்லை, மதப் பகையைத் தடுத்து நிறுத்தும் சுவராக இருக்கவில்லை.

இந்தியாவில் தங்கிய முஸ்லிம்களின் நிலை இன்னும் சங்கடமானது. 1946 தேர்தலில் சென்னை உட்பட, பாகிஸ்தானாக ஆக வாய்ப்பே இல்லாத மாகாணங்களிலும் லீக் முஸ்லிம் தொகுதிகளை அள்ளியது. வயதுவந்தோரில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லாத தேர்தல் அது. ஆனால் பழி எல்லோர் மேலும் விழுந்தது. நாடு பிரிந்ததும் லீகின் பெரிய தலைவர்கள் கராச்சிக்குப் போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியவர்கள் 1948 மார்ச்சில் சென்னையில் கூடி, காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்து, இந்திய அரசியல் சட்டத்துக்குள் நின்று பேசத் தொடங்கினார்கள். 1951ல் இந்திய முஸ்லிம்கள் சுமார் மூன்றரைக் கோடி. 2011 கணக்கெடுப்பில் 17 கோடிக்கும் மேல். பிரிவினை எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு என்று சொல்லப்பட்டதோ, அந்தப் பிரச்சினைக்கு உட்பட்ட மக்களில் ஒரு பெரும் பகுதியை அது தொடவே இல்லை. அவர்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்க ஒரு புதிய சாக்கை மட்டும் தந்தது.

மதம் ஒன்று, நாடு இரண்டு

மதம் ஒன்றானால் தேசம் ஒன்றாகிவிடுமா என்ற கேள்விக்குக் கிழக்கு பாகிஸ்தான் விடை சொன்னது. 1948 மார்ச்சில் டாக்காவில் ஜின்னா உருதுதான் அரசு மொழி என்று அறிவித்தார். 1952 பிப்ரவரி 21ல் வங்காளிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் வென்றது. ஆட்சி தரப்படவில்லை, 1971 மார்ச் 25 இரவு ராணுவம் வந்தது. சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். டிசம்பர் 16ல் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. மதத்தின் பெயரால் பிறந்த நாடு, மொழியின் பெயரால் 24 வருடங்களில் உடைந்தது.

இதில் நசுங்கியவர்கள் பிகாரிகள். 1946 கலவரத்துக்கும் பிரிவினைக்கும் பிறகு, முஸ்லிம் நாட்டில் பாதுகாப்பு கிடைக்கும் என்று பிகாரிலிருந்து கிழக்கு பாகிஸ்தான் போனவர்கள். உருது பேசியதால் 1971ல் அவர்கள் எதிரிகளானார்கள். பலர் பாகிஸ்தான் ராணுவத்தோடு நின்றதும் உண்மை. வங்கதேசம் அவர்களை ஏற்கவில்லை. பாகிஸ்தான் ஒரு பகுதியினரை மட்டும் அழைத்துக்கொண்டது. மிஞ்சிய லட்சக்கணக்கானோர் டாக்காவின் ஜெனிவா முகாம் போன்ற இடங்களில் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லாமல் கிடந்தார்கள். வங்கதேச உயர் நீதிமன்றம் குடியுரிமையை உறுதிசெய்தது 2008ல்.

மிச்சமிருந்த பாகிஸ்தானிலும் ஓய்வில்லை. கராச்சியில் இந்தியாவிலிருந்து போன முஹாஜிர்களுக்கும் மற்றவர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை, பலூசிஸ்தானில் கிளர்ச்சி, ஷியா-சன்னி ரத்தக்களரி. 2013ல் குவெட்டாவில் ஹஸாரா ஷியாக்கள் மீது நடந்த இரண்டு பெரிய குண்டுத் தாக்குதல்களில் மட்டும் சுமார் 200 பேர் செத்தார்கள்.

தெருச் சண்டை நாட்டுச் சண்டையாகப் பதவி உயர்வு பெற்றதும் நடந்தது. 1947-48, 1965, 1971, 1999 என்று நான்கு போர்கள். 1998 மே மாதம் இரண்டு நாடுகளும் அணுகுண்டு வெடித்துக் காட்டின. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது; மே மாதம் நான்கு நாட்கள் ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்தன. 1946ல் கல்கத்தா தெருவில் மோதியவர்களிடம் கத்தியும் கம்பும் இருந்தன. இப்போது மோதுபவர்களிடம் அணு ஆயுதம் இருக்கிறது.

மற்றவர்கள் கதை

அம்பேத்கர் உதாரணம் காட்டிய கிரீஸ்-துருக்கிப் பரிமாற்றம் 1923ல் லோசான் உடன்படிக்கையில் முடிவானது. சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் மறு பக்கமும் அனுப்பப்பட்டார்கள். அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழி மட்டும் தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரீஸிலும், கிரேக்க மொழி பேசிய கிரீட் முஸ்லிம்கள் துருக்கியிலும் அந்நியர்களாகப் போய் இறங்கினார்கள். இரு நாடுகளும் அதன் பிறகு முழுப் போர் நடத்தவில்லை. ஆனால் பகை சைப்ரஸ் தீவில் மீண்டும் முளைத்தது. 1974ல் தீவு இரண்டாகி, சுமார் 2 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதன் பின் அங்கே கொலைகள் ஏறக்குறைய நின்றன என்பதைப் பிரிவினை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். சரிதான். ஆனால் 50 வருடங்கள் தாண்டியும் ஐ.நா. படை நடுவில் நிற்கிறது. வடக்குப் பகுதியைத் துருக்கி தவிர யாரும் நாடாக அங்கீகரிக்கவில்லை.

அயர்லாந்தை 1921ல் பிரித்தபோது, புராட்டஸ்டண்டுகள் மூன்றில் இரண்டு பங்கு இருக்குமாறு பார்த்து ஆறு மாவட்டங்களை வடக்கே ஒதுக்கினார்கள். மிஞ்சிய ஒரு பங்கு கத்தோலிக்கர்கள் வீட்டிலும் வேலையிலும் ஓட்டிலும் ஓரங்கட்டப்பட்டார்கள். 1960களின் இறுதியில் வெடித்த மோதல் 30 வருடங்களில் 3,500க்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. அதை நிறுத்தியது புதிய கோடு அல்ல. இரு தரப்பும் சேர்ந்தே அமைச்சரவை அமைக்க வேண்டும் என்ற 1998 ஏப்ரல் ஒப்பந்தம். 2021 கணக்கெடுப்பில் அங்கே கத்தோலிக்கப் பின்னணி கொண்டவர்கள் புராட்டஸ்டண்டுகளை முந்திவிட்டார்கள். பெரும்பான்மைக்காக வரைந்த எல்லை, நூறு வருடம்கூட அந்தப் பெரும்பான்மையைக் காப்பாற்றவில்லை.

முஸ்லிம் வடக்கு, கிறிஸ்தவத் தெற்கு என்று வர்ணிக்கப்பட்ட சூடான் 2011 ஜூலையில் பிரிந்தது. தெற்கில் ஏறத்தாழ 99 சதவீத வாக்கு பிரிவினைக்கு. இரண்டரை வருடத்தில், 2013 டிசம்பரில், டிங்கா, நுயர் இனத்தவருக்கிடையே தெற்கு சூடானுக்குள் உள்நாட்டுப் போர்.

பிரிக்காவிட்டால்?

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று பாக்கி. 1947ல் பிரிக்காமல் இருந்திருந்தால் ரத்தம் சிந்தாமல் இருந்திருக்குமா? உத்தரவாதம் இல்லை. கல்கத்தா, நவகாளி, பிகார் படுகொலைகள் எல்லாம் பிரிவினைக்கு முன்பு, 1946ல் நடந்தவை. பிரியாத லெபனான் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போரில் வெந்தது. தன்னை அழிக்கத் துடிக்கும் அரசின் கீழ் இருக்கும் ஒரு மக்கள் கூட்டத்திடம் போய் ஒற்றுமை உபதேசம் செய்வதும் அறம் அல்ல. பிரிவதே வழி என்ற நிலை சில இடங்களில் வரலாம்.

ஆனால் பிரிவினை எதைச் செய்கிறது என்பதில் மயக்கம் வேண்டாம். மக்கள் ஏற்கெனவே அடித்துத் துரத்தப்பட்டுவிட்ட இடத்தில் அது சண்டையை நிறுத்திவைக்கிறது. மக்கள் கலந்து வாழும் இடத்தில் துரத்தலைத் தொடங்கிவைக்கிறது. நேற்றைய சிறுபான்மையை ஒரு நாட்டின் பெரும்பான்மை ஆக்குகிறது. அதே நாளில் புதிய சிறுபான்மைகளை உண்டாக்குகிறது. அவர்களை எப்படி நடத்துவது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜின்னாவுக்கே இது புரிந்திருந்தது போலும். 1947 ஆகஸ்ட் 11ல் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கோயிலுக்கோ மசூதிக்கோ போக எல்லோருக்கும் சுதந்திரம் உண்டு, யார் எந்த மதம் என்பது அரசின் வேலை அல்ல என்றார். அந்த ஏற்பாட்டுக்கு உத்தரவாதம் தரத் தெரிந்த நாட்டில் கோட்டுக்கு அவசியம் இல்லை. அது தெரியாத நாட்டில் எத்தனை கோடு போட்டாலும் போதாது.